எதோடு ஒப்பிட்டு? – ஒரு அமினோ டப்பாவும் எங்கள் மத்தியானச் சாப்பாடும்

போன செமஸ்டர் எங்கள் அறை மேசையில் ஒரு கறுப்பு டப்பா வந்து குந்தியது. தங்க நிற எழுத்து. தமிழும் இல்லை, சிங்களமும் இல்லை, முழுக்க ஆங்கிலம். பச்சை அப்பிள் சுவை. 30 ஸ்கூப். விலை 16,500 ரூபா. ஒரு மாத மகாபொலக் காசு முழுவதையும் கொடுத்தாலும் கட்டாது.

வாங்கியவன் எங்கள் பீடத்தின் 800 மீற்றர் ஓட்டக்காரன். பீடங்களுக்கிடையிலான போட்டிக்கு இரண்டு மாதம் இருந்தது. அவன் பின்னேரங்களில் போகும் ஜிம்மில் ஓர் அண்ணை சொல்லியிருக்கிறார்: "தம்பி, நீ எவ்வளவு ஓடினாலும் பி.சி.ஏ.ஏ. எடுக்காட்டி உன்ர மசில் எல்லாம் கரைஞ்சு போயிடும்." சொன்னவரே டப்பாவையும் எடுத்துக் கொடுத்தார். காசை மூன்று தவணையில் கட்டலாம் என்றும் சொன்னார். நல்ல மனுசன்தான். அவரும் இன்னொருவர் சொல்லித்தான் நம்பியிருப்பார்.

இரண்டு கிழமை போன பிறகுதான் ஒரு விசயம் எங்களுக்கு விளங்கியது. அவன் மத்தியானத்தில் கன்டீனுக்கு வருவதில்லை. கேட்டால் "பசிக்கேல்ல மச்சான்" என்பான். தவணைக் காசு கட்டுவதற்காக மத்தியானச் சாப்பாட்டை வெட்டியிருக்கிறான். தசை கரையாமல் இருக்கப் பவுடர், பவுடருக்காகப் பட்டினி. அன்றிரவுதான் நாங்கள் நாலு பேரும் இருந்து இதைத் தேடி வாசிக்கத் தொடங்கினோம். இது அவனைத் திட்டுவதற்காக எழுதுவது இல்லை. அவனிடம் கேட்டுத்தான் எழுதுகிறோம்.

"ஆர்ட்ஸ் ஆக்களுக்கு இதில என்ன தெரியும்?" என்று சிலர் கேட்கக்கூடும். நியாயமான கேள்வி. உயர்தரத்தில் எங்களில் ஒருவரும் உயிரியல் படிக்கவில்லை. ஆனால் வரலாற்று விரிவுரைகளில் ஒரு மூலத்தைக் கையில் எடுத்தால் என்ன கேட்க வேண்டும் என்று படித்திருக்கிறோம். யார் சொன்னது, யாருக்குச் சொன்னது, எதோடு ஒப்பிட்டுச் சொன்னது? இந்த டப்பாவைப் பொறுத்தவரை மூன்றாவது கேள்வி ஒன்றே போதுமாக இருந்தது.

முதலில் அடிப்படை. நாங்கள் சாப்பிடும் புரதம் எல்லாம் அமினோ அமிலங்கள் கோத்துக் கோத்து உண்டானது. எங்கள் உடலின் புரதங்களைக் கட்டுபவை 20 வகை. அதில் 9 வகையை உடலால் செய்ய முடியாது, சாப்பாட்டிலிருந்துதான் வர வேண்டும். அந்த 9இல் மூன்று, லியூசின், ஐசோலியூசின், வாலின், வடிவத்தில் கிளைவிட்ட மாதிரி இருப்பதால் கிளைச்சங்கிலி அமினோ அமிலங்கள் எனப்படுகின்றன. டப்பாவில் இருக்கும் பி.சி.ஏ.ஏ. இந்த மூன்றும்தான்.

இந்த மூன்றுக்கும் மவுசு வந்தது சும்மா இல்லை. 1970களில் எலியின் தசைத் துண்டுகளை வைத்துச் செய்த ஆய்வுகளில், லியூசின் சேர்த்தால் புரதம் கட்டப்படுவது கூடியது. பிறகு வந்த ஆய்வுகளும் லியூசின் ஒரு சுவிச் மாதிரி வேலை செய்கிறது, தசை கட்டும் வேலையைத் தொடங்கி வைக்கிறது என்று காட்டின. இதுவரை கடைக்காரர் சொல்வதில் பொய் இல்லை. அதற்குப் பிறகு அவர் சொல்லாமல் விடுவதில்தான் பிரச்சினை.

வீடு கட்டுவதை யோசித்துப் பாருங்கள். லியூசின் மேசனைக் கூப்பிடும், ஆனால் எல்லாக் கல்லையும் கொண்டு வராது. சுவர் எழும்ப 9 வகைச் சாமானும் ஒன்றாக வேண்டும். மூன்றை மட்டும் லொறி லொறியாகக் கொண்டுவந்து கொட்டினால் மிச்சம் ஆறும் எங்கிருந்து வரும்? வயிறு வெறுமையாக இருந்தால் ஒரே வழிதான். உடல் தன் தசையையே உடைத்து எடுக்கும். பின் சுவரை இடித்து முன் சுவரைக் கட்டுகிற வேலை. மத்தியானம் சாப்பிடாமல் பவுடர் குடித்த எங்கள் தோழனின் கதை இதுதான்.

இது எங்கள் கண்டுபிடிப்பு இல்லை. புரத வளர்சிதை மாற்றத்தைப் பல பத்து வருடங்களாக ஆராய்ந்த அமெரிக்கர் ரொபேர்ட் வுல்ஃப் 2017இல் எழுதிய ஒரு மீளாய்வின் சாரம். பி.சி.ஏ.ஏ. மட்டும் கொடுத்து மனிதரின் தசைப் புரத உற்பத்தியை அளந்த ஆய்வுகளைத் தேடினார். அகப்பட்டவை இரண்டே இரண்டு. இரண்டிலும் வாயால் கொடுக்கவில்லை, நரம்பு வழியாக ஏற்றியிருந்தார்கள். இரண்டிலும் தசை உடைவது குறைந்திருந்தது, ஆனால் தசை கட்டப்படுவதும் சேர்ந்தே குறைந்திருந்தது. பி.சி.ஏ.ஏ. மட்டும் எடுத்தால் தசை வளரும் என்ற கூற்றுக்கு ஆதாரம் இல்லை என்றுதான் அவர் முடிக்கிறார். இத்தனை வருடம் டப்பா விற்றதற்குப் பின்னால் இருந்த சான்று இவ்வளவுதானா என்று எங்களுக்குத் தூக்கிவாரிப்போட்டது. அதற்கு முன்பே, 2010இல், ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு அதிகாரசபையும் பி.சி.ஏ.ஏ. தசையை வளர்க்கும் என்ற விளம்பரக் கூற்றைப் பரிசீலித்து, காரண காரியத் தொடர்பு நிறுவப்படவில்லை என்று சொல்லிவிட்டது.

எதிர்ப்பக்கச் சான்றையும் நேர்மையாகச் சொல்ல வேண்டும். அதே 2017இல் ஸ்கொட்லாந்தின் ஸ்டேர்லிங் பல்கலைக்கழகத்தவர்கள் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். பளுப்பயிற்சி செய்து பழகிய 10 இளைஞர்கள். பயிற்சி முடிந்ததும் 5.6 கிராம் பி.சி.ஏ.ஏ. குடித்தபோது, அது இல்லாத பானம் குடித்த முறையைவிடத் தசைப் புரத உற்பத்தி 22 வீதம் கூடுதலாக இருந்தது. கடைக்காரர்கள் இப்போது காட்டுவது இந்த 22ஐத்தான்.

இங்கேதான் எங்கள் கேள்வி வருகிறது. எதோடு ஒப்பிட்டு 22? அமினோ அமிலமே இல்லாத பானத்தோடு. ஏறத்தாழ அதே அளவு பி.சி.ஏ.ஏ. அடங்கிய வே புரதத்தோடு, அதாவது பாற்கட்டி செய்யும்போது பிரியும் தண்ணீரில் உள்ள முழுப் புரதத்தோடு, ஒப்பிட்டால் கதை மாறுகிறது. முன்னைய ஆய்வுகளில் அந்த முழுப் புரதம் கொடுத்த கூடுதலில் ஏறத்தாழப் பாதியைத்தான் பி.சி.ஏ.ஏ. கொடுத்தது என்று ஆய்வாளர்களே எழுதியிருக்கிறார்கள். காரணம் மேலே சொன்னதுதான்: மிச்ச ஆறும் இல்லை. ஆகவே பச்சைத் தண்ணியைவிட டப்பா நல்லது. முட்டையைவிட, பாலைவிட, பருப்புச் சோற்றைவிட நல்லதா என்றால், அப்படிச் சொல்ல ஆதாரம் இல்லை. வெறும் தண்ணியைக் குடித்துவிட்டு ஓடுகிறவர் யார்?

எங்கள் தோழன் தூக்குபவன் இல்லை, ஓடுபவன். அவனுக்கு ஜிம் அண்ணை இன்னொரு காரணமும் சொல்லியிருந்தார், "களைப்புத் தெரியாது" என்று. இதற்கும் ஒரு பூர்வீகம் உண்டு. 1980களில் ஒக்ஸ்போர்ட்டைச் சேர்ந்த எரிக் நியூஸ்ஹோம் ஒரு கருதுகோளை முன்வைத்தார். நெடுநேரம் ஓடும்போது டிரிப்டோபன் என்ற அமினோ அமிலம் மூளைக்குள் கூடுதலாகப் போய்க் களைப்பை உண்டாக்குகிறது. பி.சி.ஏ.ஏ.யும் அதே வாசலால்தான் மூளைக்குள் போக வேண்டும் என்பதால், அதைக் கூட்டினால் டிரிப்டோபன் குறையும். அழகான யோசனை. ஸ்டொக்ஹோம் மரதனில் 193 ஆண்களை வைத்துச் சோதித்து 1991இல் முடிவை வெளியிட்டார்கள். எல்லாரையும் சேர்த்துப் பார்த்தால் வித்தியாசம் இல்லை. வேகமாக ஓடுபவர்கள், மெதுவாக ஓடுபவர்கள் என்று பிரித்தபோதுதான் மெதுவானவர்களில் ஒரு முன்னேற்றம் தெரிந்தது. இப்படிப் பிரித்துப் பிரித்துப் பார்த்தால் எங்கேயாவது ஒன்று தெரியத்தான் செய்யும். 1995இல் நெதர்லாந்தில் பயிற்சி பெற்ற ஆண்களைச் சைக்கிள் மிதிக்க வைத்து இன்னும் கட்டுப்பாடாகச் சோதித்தார்கள். பி.சி.ஏ.ஏ. குடித்தாலும் டிரிப்டோபனே குடித்தாலும் அவர்கள் களைத்து நிறுத்திய நேரம் மாறவில்லை.

கடும் பயிற்சிக்கு அடுத்த நாள் வரும் தசை நோவைப் பி.சி.ஏ.ஏ. கொஞ்சம் குறைக்கிறது என்று சில ஆய்வுகள் சொல்கின்றன. அந்தக் கொஞ்சம் 16,500 ரூபா பெறுமா என்பதை வாங்குபவர் தீர்மானிக்கட்டும்.

அப்படியென்றால் எல்லாமே ஏமாற்றா? இல்லை. 2018இல் சர்வதேச ஒலிம்பிக் குழு வெளியிட்ட நிபுணர் அறிக்கை, செயல்திறனை நேரடியாகக் கூட்டுவதற்கு நல்ல சான்று உள்ளவை என்று ஐந்தை மட்டும் குறிப்பிடுகிறது: கஃபீன், கிரியேட்டின், நைத்திரேற்று, பீற்றா-அலனின், சோடியம் பைகாபனேற்று. பி.சி.ஏ.ஏ. அந்த ஐந்தில் இல்லை. குளுட்டமின், ஆர்ஜினின் என்று தனித்தனி டப்பாக்களில் வருபவையும் இல்லை. ஆனால் இந்த ஐந்திலும் ஒன்று அமினோ அமிலம்தான், பீற்றா-அலனின். அது தசைக்குள் கார்னோசின் என்ற பொருளைக் கூட்டி, வேகமாக ஓடும்போது சேரும் அமிலத்தன்மையைத் தாங்க உதவுகிறது. பயன் தெரிவது பெரும்பாலும் 1 முதல் 4 நிமிடம் வரை நீளும் கடும் முயற்சிகளில்.

எங்கள் தோழன் 800 மீற்றரை 2 நிமிடம் 4 செக்கனில் ஓடுபவன். அவனுடைய ஓட்டத்துக்குப் பொருந்தக்கூடிய அமினோ அமிலம் ஒன்று இருந்தும் அவனுக்கு விற்கப்பட்டது வேறொன்று. அவன் என்ன ஓடுகிறான் என்று ஒருவரும் கேட்கவில்லை. அதற்காகப் பீற்றா-அலனின் டப்பாவைத் தேடி ஓடவும் வேண்டாம். குறைந்தது நாலு கிழமை நாளாந்தம் எடுக்க வேண்டும், கிடைக்கும் முன்னேற்றம் 3 வீதத்துக்குள், உடம்பில் ஒரு சுணைப்பு வரும். சாப்பாடு, நித்திரை, பயிற்சி எல்லாம் சரியாக இருப்பவர் கடைசியாக யோசிக்க வேண்டிய விசயம்.

சாப்பாடு சரியாக இருந்ததா? ஒரு நாள் இருந்து அவன் சாப்பிட்டதை எல்லாம் கணக்குப் போட்டோம். காலமை கால் றாத்தல் பாணும் சம்பலும். மத்தியானம் ஒன்றும் இல்லை. பின்னேரம் பிளேன் ரீயும் ஒரு ரோல்சும். இரவு சோறு, பருப்பு, ஒரு சின்ன மீன் துண்டு. எப்படிக் கூட்டிப் பார்த்தாலும் புரதம் 50 கிராமை எட்டவில்லை. அமெரிக்க விளையாட்டு மருத்துவக் கல்லூரி முதலான அமைப்புகளின் 2016ஆம் ஆண்டு அறிக்கை, விளையாட்டு வீரருக்கு உடல் நிறையின் ஒவ்வொரு கிலோவுக்கும் நாளுக்கு 1.2 முதல் 2 கிராம் வரை புரதம் வேண்டும் என்கிறது. அவன் 60 கிலோ. குறைந்தது 72 கிராம் வேண்டும். பளுப்பயிற்சி செய்பவர்களைப் பற்றிய 49 ஆய்வுகளை ஒன்றுசேர்த்துப் பார்த்த 2018ஆம் ஆண்டு ஆய்வு, கிலோவுக்கு ஏறத்தாழ 1.6 கிராமுக்கு மேல் போனால் தசை கூடுவதில்லை என்கிறது. அதாவது குறைவாகச் சாப்பிடுபவருக்குத்தான் புரதம் சேர்ப்பதால் பயன். அவனுக்குக் குறைந்திருந்தது சோறும் கறியும்.

இனிக் காசுக் கணக்கு. ஒரு ஸ்கூப் 550 ரூபா. அதில் 5 கிராம் பி.சி.ஏ.ஏ. ஒரு முட்டையில் ஏறத்தாழ 6 கிராம் புரதம், அதற்குள் பி.சி.ஏ.ஏ. மட்டும் 1.3 கிராம். நாலு முட்டையில் ஸ்கூப்பில் உள்ள அளவு வந்துவிடுகிறது, மிச்ச ஆறும் கூடவே வருகிறது. நாங்கள் வாங்கும்போது முட்டை ஒன்று 40 ரூபா. நாலு முட்டை 160 ரூபா.

"விரதகாரர் என்ன செய்யிறது? நல்லூர்க் கொடி ஏறினா 25 நாள் மச்சம் இல்லை" என்று எங்கள் கூட்டத்திலேயே ஒருத்தி கேட்டாள். பருப்பில், கடலையில், பயறில் காய்ந்த நிலையில் நூறு கிராமுக்கு 20 கிராமுக்குக் குறையாத புரதம் உண்டு. சோயா மீற்றில் ஏறத்தாழப் பாதி புரதம். அரிசியில் லைசின் குறைவு, பருப்பில் மெதியோனின் குறைவு, இரண்டும் சேர்ந்தால் ஒன்றின் குறையை மற்றது நிரப்பும். அம்மம்மாமார் சோற்றுக்குப் பருப்பும், தோசைக்கு உழுந்தும் சேர்த்தது அமினோ அமிலம் தெரிந்து இல்லை. ஆனாலும் கணக்குச் சரியாகத்தான் வருகிறது. கோயில் வாசலில் விற்கும் கடலையைப் பற்றி ஒரு ஜிம்மிலும் போஸ்டர் இல்லை, ஏனென்றால் அதில் ஒருவருக்கும் பெரிய இலாபம் இல்லை.

இன்னொரு விசயம் காசைவிடப் பாரதூரமானது. டப்பாவுக்குள் எழுதியிருப்பதுதான் இருக்கிறது என்று என்ன நிச்சயம்? 2000, 2001இல் ஜேர்மனியின் கெல்ன் நகர ஆய்வகம் ஒன்று 13 நாடுகளில் வாங்கிய 634 ஊட்டச்சேர்க்கைகளைச் சோதித்தது. ஒன்றிலும் ஹோர்மோன் இருப்பதாக எழுதியிருக்கவில்லை. ஆனால் 94இல், அதாவது 14.8 வீதத்தில், தசை வளர்க்கும் ஸ்டீரொயிட் வகைகள் இருந்தன. ஊக்கமருந்துச் சோதனையில் "எனக்குத் தெரியாது" என்பது விடுதலைக்குப் போதாது. உடலில் இருந்தால் பொறுப்பு வீரருடையது. 2011 உலகக் கிண்ணத்தின்போது உபுல் தரங்கவின் மாதிரியில் தடைசெய்யப்பட்ட பொருள் அகப்பட்டது. தோள் வலிக்கு எடுத்த ஒரு மூலிகை மருந்துதான் அதற்குக் காரணமாகச் சொல்லப்பட்டது. அது அமினோ டப்பா இல்லை, அவர் ஏமாற்ற நினைத்ததாகவும் விசாரணையில் முடிவாகவில்லை. அப்படியிருந்தும் மூன்று மாதத் தடை கிடைத்தது. இலங்கையில் 2013ஆம் ஆண்டின் 33ஆம் இலக்கச் சட்டத்தோடு ஊக்கமருந்துத் தடுப்புக்கென்று முகவர் நிலையமே இருக்கிறது. தேசிய அணி வீரருக்கு வைத்தியர் உண்டு, சட்டத்தரணி உண்டு. எங்கள் பல்கலைக்கழக ஓட்டக்காரனுக்கு யார் இருக்கிறார்?

இதை எழுதுவதால் ஜிம்முக்குப் போகும் பெடியளைப் பகிடி பண்ணுகிறோம் என்று நினைக்க வேண்டாம். தன் உடலைத் தானே கட்டி எழுப்பலாம் என்ற ஆசையை நாங்கள் மதிக்கிறோம். 2022க்குப் பிறகு கையில் எதுவும் நிலையில்லாத ஒரு வயதில், உழைத்தால் பலன் தெரியும் என்று நம்பக்கூடிய சில இடங்களில் ஜிம்மும் மைதானமும் உண்டு. அந்த நம்பிக்கையைத்தான் டப்பாவில் அடைத்து விற்கிறார்கள். அதனால்தான் கோபம் வருகிறது.

நாங்கள் கேட்பது பெரிய புரட்சி ஒன்றும் இல்லை. மாணவர் ஒன்றியமும் விளையாட்டுக் குழுவும் அனுசரணை என்று டப்பா நிறுவனங்களின் பனர் கட்டுவதை நிறுத்த வேண்டும். பயிற்சிக் காலத்தில் பீட அணிகளில் இருப்பவர்களுக்கு மத்தியானச் சாப்பாட்டோடு இரண்டு முட்டை அல்லது ஒரு கோப்பை கடலை கன்டீனில் கொடுக்க வேண்டும், அதற்கான காசை விளையாட்டு ஒதுக்கீட்டிலிருந்து எடுக்க வேண்டும். வேறு பீடங்களில் உடலியலும் போசாக்கும் படிக்கும் எங்கள் நண்பர்கள் வருடத்தில் ஒரு நாளாவது மைதானத்துக்கு வந்து தமிழிலும் சிங்களத்திலும் இதைக் கதைக்க வேண்டும்.

எங்கள் தோழனின் கதையை முடித்துவிடுகிறோம். மிச்சத் தவணையை நாங்கள் சேர்ந்து கட்டினோம். அவன் திரும்பவும் மத்தியானம் கன்டீனுக்கு வரத் தொடங்கினான். தோழி ஒருத்தி வீட்டிலிருந்து நெத்தலிக் கருவாடு கொண்டுவந்தாள், இரவில் கடலை அவித்தோம். போட்டியில் அவன் மூன்றாவதாக வந்தான், தன் பழைய நேரத்தைவிட ஒரு செக்கன் குறைவாக. சாப்பாட்டால்தான் அது நடந்தது என்று நாங்கள் சொல்ல மாட்டோம். ஓடியது ஒரே ஒருவன், ஒப்பிட்டுப் பார்க்க இன்னொருவன் இல்லை. இவ்வளவு எழுதிய பிறகு நாங்களே அந்தப் பிழையை விடக் கூடாது. ஆனால் இப்போது அவனுக்குப் பசிக்கிறது, பசித்தால் சாப்பிடுகிறான். அது எங்களுக்குத் தெரியும்.